பொறிகளுக்கு ஒரு துபாஷி

சென்னைக் கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'சக்தி' என்னும் பிராசஸர் முயற்சியைப் பற்றி நம் மாணவர் பலர் பெருமையுடன் பேசக் கேட்கின்றோம். பெருமை தக்கதே. கணிப்பொறியின் மூளையாகிய அவ்வுறுப்பைப் பிற நாட்டுக் கம்பெனிகளிடம் விலைக்குப் பெற்றே பழகிய நாடு, தானே ஒன்றை வரைந்து, 2018-இல் அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையில் 22 நானோமீட்டர் முறையிலும், அதே ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள நம் அரசாங்கத் தொழிற்சாலையில் 180 நானோமீட்டர் முறையிலும் ஆக்குவித்துக் காட்டிற்று. அதன் வரைபடங்களை எவரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்ததும் போற்றத்தக்க செயல்.

ஆயினும், இப்பேச்சுக்களினிடையே எழவேண்டிய வினா ஒன்று எழக் காணோம். அப்பொறி எந்த நிரலை ஓட்டும்? இன்று நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கடைகளிலும் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிகளின் நிரல்கள் பெரும்பாலும் எக்ஸ்86 என்னும் இன்டெல் வகுப்புப் பிராசஸர்களுக்கென்றே ஆக்கப்பட்டவை. சக்தியோ ரிஸ்க்-ஃபைவ் என்னும் வேறொரு வகுப்பைச் சேர்ந்தது. ஒன்றன் கட்டளைகள் மற்றொன்றற்கு வெறும் எண் குவியலேயன்றி வேறில்லை. கூட்டு என்று ஒன்று சொல்வது மற்றொன்றற்குப் பொருளற்ற ஒலியாகும்.

தாம்பரத்தார்க்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது மீட்டர் கேஜ் பாதையில். சென்ட்ரலிலிருந்து புறப்பட்ட வண்டிகளோ அகலப் பாதையின. வண்டியும் நன்று, பாதையும் நன்று. ஆயினும் ஒன்றன் வண்டி மற்றொன்றன் பாதையில் ஓர் அடியும் நகராது. இருவகைப் பாதைகள் கூடும் நிலையங்களில் மூட்டைகளை ஒரு வண்டியினின்றும் இறக்கி மறுவண்டியில் ஏற்றுதற்கென்றே ஆட்கள் இருந்தனர். இக்கடற்கரைப் பாதையில் மீட்டர் கேஜ் 2004-இல் முடிவெய்தியது. அதன்பின் மூட்டை மாற்றும் தொல்லை இல்லை. இவ்விரண்டு வழிகளே மென்பொருள் உலகத்திலும் உள்ளன. பாதையை மாற்றி அமைப்பதுபோல, நிரலின் மூலத்தை எடுத்துப் புதிய பிராசஸருக்கென மீண்டும் ஆக்கிக்கொள்வது ஒன்று. மூலம் கிட்டாவிடத்து மூட்டை மாற்றுவதுபோல, பழைய கட்டளைகளை ஓடும்போதே புதியனவாக மாற்றிக் கொடுப்பது மற்றொன்று. பின்னதை எமுலேஷன் என்பர்.

முதல்வழி எவ்வளவு எளிது என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. டெபியன் என்னும் திறந்த இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தபோது, ரிஸ்க்-ஃபைவ் வகுப்பும் அதில் முழு உரிமையுடன் இடம்பெற்றது. பல்லாயிரம் நிரல்கள் ஆரவாரமின்றிப் புதிய பாதைக்கு வந்து சேர்ந்தன. நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளமும் டெபியனின் வழிவந்ததே. மூலம் வெளிப்படையாய் இருந்தமையன்றோ இதற்குக் காரணம்? மூலத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்துக்கொண்ட கம்பெனியின் நிரல் அங்ஙனம் வாராது. கம்பெனியே மறைந்து போயின், பூட்டைத் திறப்பாரும் இலர். கணக்கெழுதும் நிரல், சம்பளப் பட்டியல் நிரல், நூலகப் பதிவு நிரல் என இத்தகையன எத்தனையோ நம்மிடையே உள்ளன. இவற்றின் பொருட்டே துபாஷி வேண்டப்படுகின்றான்.

துபாஷி என்னும் சொல்லை வேண்டுமென்றே ஆள்கின்றேன். புதுச்சேரியில் துப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை முதலியோர் இருமொழிகளுக்கு நடுவில் நின்று செய்த பணியையே எமுலேட்டரும் செய்கின்றது. அதன் எளிய வகை, ஒவ்வொரு கட்டளையையும் படித்து, இன்னதென்று உணர்ந்து, அதன் செயலைத் தானே செய்து காட்டிப் பின் அடுத்ததற்குச் செல்லும். பழைய கட்டளை ஒன்றற்குப் புதியன பத்தும் இருபதும் செலவாகும். ஒரே வாக்கியத்தை ஆயிரம் முறை சொன்னால் ஆயிரம் முறையும் மொழிபெயர்க்கும் அறிவற்ற துபாஷி அது. இரண்டாம் வகை சற்று அறிவுடையது. முதன்முறை கேட்ட பகுதியை மொழிபெயர்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை அக்குறிப்பையே எடுத்து நீட்டும். பிரெஞ்சுக்காரராகிய பாப்ரீஸ் பெலார் 2003-இல் வெளியிட்ட 'கியூஎமு' இவ்வகையினது. மூன்றாம் வகை, நிரலை நிறுவும்போதே கூடியவரை முழுதும் மொழிபெயர்த்து வைத்துவிடும். ஆப்பிள் கம்பெனி 2020-இல் தன் கணிப்பொறிகளை இன்டெலினின்று ஆர்ம் வகுப்புக்கு மாற்றியபோது கொடுத்த 'ரொசெட்டா 2' இதற்கு எடுத்துக்காட்டு.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் முன்னரே மொழிபெயர்த்துவிடலாகாதோ எனின், ஆகாது. என்னை? எக்ஸ்86 கட்டளை ஒரு பைட் நீளமும் இருக்கலாம், 15 பைட் நீளமும் இருக்கலாம். ஒன்று எங்கே முடிந்தது, மற்றொன்று எங்கே தொடங்கிற்று, இடையிற் கிடப்பது கட்டளையா வெறுந்தரவா என்பதற்கு வெளி அடையாளம் யாதுமில்லை. புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்ட பழைய ஏட்டுச் சுவடியைப் பிரித்துப் படிப்பார் படும் இடர் இதுவே. பிரிக்குமிடம் பிழைத்தால் பொருள் முழுதும் மாறும். அன்றியும், சில நிரல்கள் ஓடும்போதே தமக்குப் புதிய கட்டளைகளை ஆக்கிக்கொள்கின்றன. இன்னும் எழுதப்படாத நூலை எவர் மொழிபெயர்க்க வல்லார்?

இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. எக்ஸ்86 பொறி இரண்டு எண்களைக் கூட்டும்போது, விடையோடு நில்லாமல், விடை சுழியமா, குறை எண்ணா, மிகுதி வெளிச் சென்றதா என்பவற்றையும் 'கொடி' என்னும் சிறு குறிகளிற் பதிந்து வைக்கும். ரிஸ்க்-ஃபைவில் அக்கொடிகளே இல்லை. ஆதலின் துபாஷி ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் அவற்றைத் தானே கணக்கிட வேண்டும். திறமையுடையது, எவரேனும் கேட்கும்வரை கணக்கிடாது தள்ளி வைக்கும். பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. மற்றோர் இடர் இதனினும் நுட்பமானது. ஒரு பிராசஸருக்குள் பல கருக்கள் ஒருங்கே உழைக்கும் காலத்தில், ஒரு கரு நினைவகத்தில் எழுதியவற்றை மற்றக் கருக்கள் எந்த வரிசையிற் காணும் என்பது ஒரு கேள்வி. எக்ஸ்86, எழுதிய வரிசையிலேயே காணும் என்று உறுதி கூறுகின்றது. ரிஸ்க்-ஃபைவ் அத்துணைக் கண்டிப்பான உறுதி கூறுவதில்லை. அவ்வுறுதியை நம்பி எழுதப்பட்ட நிரலைக் காப்பதற்குத் துபாஷி அடிக்கடி வேலியிட்டுச் செல்ல வேண்டும்; வேலிதோறும் வேகம் குன்றும். ஆப்பிள் கம்பெனியார் தம் பிராசஸருக்குள்ளேயே எக்ஸ்86 வரிசையைப் பின்பற்றும் ஒரு மாற்றுநிலையை அமைத்து இதனைத் தீர்த்தனர். ரிஸ்க்-ஃபைவிலும் இதற்கென ஒரு விருப்பச் சேர்க்கை வகுக்கப்பட்டுளது. நம் நாட்டிற் பிராசஸர் வரைவோர் அதனை வேண்டாச் செலவென்று தள்ளாமை நன்று என்பது என் கருத்து. புதிய வீடு கட்டுவோன் பழைய வீட்டுக் கட்டில் நுழையுமளவு வாயில் வைத்தலில் இழுக்கென்ன?

ஐ.பி.எம். கம்பெனியின் வரலாறு இதனை வலியுறுத்தும். 1959-இல் அது அறிவித்த 1401 என்னும் பொறி பதினாயிரத்துக்கு மேல் விற்றது. நம் இரயில்வேக்களும் அதனை வைத்திருந்தன. 1964-இல் முற்றும் வேறுபட்ட சிஸ்டம்/360 வகுப்பை அக்கம்பெனி வெளியிட்டபோது, உலகிற் செல்வாக்கு மிக்க கம்பெனியாயிருந்தும், உங்கள் பழைய நிரல்களை எறிந்துவிடுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் துணியவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் வேறிடம் போயிருப்பர். 1401 நிரல்களை எளிதில் மாற்றித் தருவோம் என்று ஹனிவெல் கம்பெனி 1963 டிசம்பரிலேயே கடை விரித்துவிட்டது. ஆகவே 360-இன் சிறிய பொறிகளுக்குள் 1401-ஐப் போலவே நடக்கும் உள்ளமைப்பையும் வைத்துக் கொடுத்தனர். இத்தனை பெரிய கம்பெனிக்கே இயலாத வீரத்தை, இன்று பிறந்த நம் சுதேசிப் பொறியிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

அன்பர் சிலர் இதற்கு மறுப்புரைப்பர். பழைய நிரலைத் தாங்கி நிற்பது அயல் கம்பெனிகளுக்கு நாம் பட்ட அடிமைத்தனத்தையே நீட்டிக்கும் என்றும், கழிந்தது கழியட்டும் என்றும் அவர் கூறுவர். கேட்பதற்கு மிடுக்காயிருக்கின்றது. ஆயின் கழிந்தவற்றுள் நம்முடையவை எவ்வளவு என்று அவர் எண்ணினாரில்லை. 1980-களில் ஆதமி முதலிய டாஸ் நிரல்களைக் கொண்டு தமிழ் தட்டத் தொடங்கினோம். பின்னர் அச்சகத்துக்கொரு எழுத்துருவும் எழுத்துருவுக்கொரு குறிமுறையுமாகப் பெருகின. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுமுறைகள் வகுக்கப்பட்டும், 2010-இல் அரசு யுனிகோடை ஏற்கும்வரை குழப்பம் ஓயவில்லை. அக்காலத்து மலர்களும் மணிவிழாத் தொகுப்புகளும் பாடநூற் படிகளும் அவ்வந்நிரல்களின் கோப்புகளாகவே கிடக்கின்றன. அந்த 16-பிட் டாஸ் நிரல்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் நேரே ஓட்டாது. இன்டெல் வகுப்பிலேயே வந்த பொறி தன் பாட்டனின் பேச்சை மறந்துவிட்டது என்க. 'டாஸ்பாக்ஸ்' என்னும் எமுலேட்டர் அப்பழைய பிராசஸரை நிரலாகவே நடித்துக் காட்டுதலின், அவற்றுட் பலவற்றை மீண்டும் திறந்து படிக்க இயலுகின்றது. இதனை அடிமைத்தனம் என்று எவரேனும் சொல்வரேல், சுவடி தேடினாரையும் அங்ஙனமே சொல்ல வேண்டும்.

என் அச்சம் வேறு. பாலம் கட்டியவனே பாலத்தை இடிக்கும் உரிமையும் உடையவனாயிருக்கின்றான். பவர்பிசி நிரல்கள் இன்டெலில் ஓடும்பொருட்டு ஆப்பிள் 2006-இல் கொடுத்த முதல் ரொசெட்டா, 2011-இல் வந்த இயங்குதளத்தில் நீக்கப்பட்டது. இரண்டாவதும் மாக்ஓஎஸ் 27-ஆம் பதிப்போடு பொதுப்பயனினின்று விலகும், அதன்பின் பழைய விளையாட்டுகள் சிலவற்றிற்கே எஞ்சும் என்று 2025-இல் அறிவித்துவிட்டனர். அவர்க்கு அது வாணிகம், குறை கூறுவதற்கில்லை. நமக்கு வேண்டுவது கியூஎமு போலவும், எக்ஸ்86 நிரல்களை ரிஸ்க்-ஃபைவிலும் ஓட்டவல்ல 'பாக்ஸ்64' போலவும், மூலம் திறந்த பாலம். அதனைச் செப்பனிடக் கற்றவர் உள்ளூரில் இருத்தல் வேண்டும். மற்றும், அரசாங்கமும் கல்லூரிகளும் பணங்கொடுத்து நிரல் ஆக்குவிக்கும்போது, மூலத்தின் படியொன்றைத் தம் வசம் வாங்கி வைக்காமல் பணத்தை முழுதும் கொடுத்தல் கூடாது. நிலம் வாங்குவோன் மூலப்பத்திரம் இன்றிப் பணம் எண்ணி வைப்பானோ?

கற்றவர் எங்கிருந்து வருவர் எனின், நம் ஆய்வுக்கூடங்களினின்றே வரலாம். 1976-இல் இன்டெல் வெளியிட்ட 8085 என்னும் 8-பிட் பிராசஸரை உலகம் மறந்தும், நம் நாட்டுப் பாடத்திட்டங்கள் மறக்கவில்லை. இதனை நகையாடுவோர் பலர்; யான் அவருள் ஒருவனல்லேன். சிறியதாயிருத்தலே அதன் சிறப்பு. இன்று மாணவர் அதன் கருவிப்பெட்டியிலோ, ஜிஎன்யூசிம்8085 போன்ற பாவனை நிரலிலோ கட்டளைகளைத் தட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். பிறர் செய்த பாவனை நிரலைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதனைத் தாமே எழுதுமாறு பணித்தால் என்ன? ஒரு பருவத்துக்குள் இருவர் கூடி எழுதி முடிக்கலாம். 64 கிலோபைட் நினைவகம், சில பதிவகங்கள், ஐந்து கொடிகள். மொத்தம் 256 கட்டளை எண்களுள் கையேடு விளக்குவன 246. எஞ்சிய பத்தைக் கையேடு கூறாதாயினும் உண்மைப் பொறி அவற்றிற்கும் ஏதோ ஒன்று செய்கின்றது. மொழிபெயர்ப்போன் நூலாசிரியன் சொன்னதைப் பின்பற்றுவதா, செய்ததைப் பின்பற்றுவதா என்னும் பழைய வழக்கு அங்கே மாணவன்முன் வந்து நிற்கும். எழுதியதைச் சாதாரணக் கணிப்பொறியிலும் ரிஸ்க்-ஃபைவ் பலகை ஒன்றிலும் ஓட்டிக் காட்டச் செய்க. சோதிக்கும் ஆசிரியர்க்கு ஒரு கணக்கு: பதின்ம முறையில் 38-ஐயும் 49-ஐயும் கூட்டி, டிஏஏ என்னும் திருத்தக் கட்டளையை இடுக. 87 வருதல் வேண்டும். 81 என்று நின்றுவிட்டால், கீழ்ப்பாதியினின்று மேற்பாதிக்குச் சென்ற மிகுதியைக் குறிக்கும் துணைக்கொடியை மாணவர் கவனிக்கவில்லை. மறுபடி எழுதச் சொல்லுக.