ஏலத்தில் போகும் காணி: விற்பவர் கையொப்பமில்லாத உறுதி

கடனைச் செலுத்தத் தவறியவர்களின் சொத்துக்களை, நீதிமன்றம் செல்லாமலேயே வங்கிகள் ஏலத்தில் விற்க வழிவிடும் 'பராட்டே' அதிகாரம் 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அது 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. வர்த்தகர்கள் அதிகம் வாழும் எமது ஊர்களில் இது பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அந்த நிறுத்தம் வங்கிக் கடனுக்கு மட்டுமே உரியது. சோலை வரிப் பாக்கிக்காகச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் உள்ளூராட்சி சபைகளின் அதிகாரத்தை அது தொடவில்லை.

இரண்டிலும் முடிவில் கிடைப்பது ஒரு விசேட உரித்துப் பத்திரம். அதன் தன்மையைப் பலரும் அறிவதில்லை.

சாதாரணமாகக் காணி கைமாறுவதென்றால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்பவர் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் உறுதியில் கையொப்பமிட வேண்டும். ஏலத்தில் அந்தக் கையொப்பம் தேவையில்லை. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற நடக்கும் ஏலமாயின், குறைபாடு இருந்தால் ஆட்சேபிக்க அவகாசம் உண்டு. நீதிமன்றம் விற்பனையை உறுதிப்படுத்திய பின்னரே பிஸ்கால் உறுதி எழுதப்படும். பராட்டே விற்பனையிலோ 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கியின் பணிப்பாளர் சபையே விற்பனைச் சான்றிதழை வழங்குகிறது. சட்ட நடைமுறைகள் பின்பற்றப்பட்டன என்பதற்கு அச்சான்றிதழே முடிவான சான்று. சோலை வரிக்கான ஏலத்திலும் உரிமையாளர் ஒப்பமிடுவதில்லை. விற்பனையின் பின் வழங்கப்படும் சான்றிதழே வாங்கியவரின் ஆவணமாகிறது.

அதாவது, வாதாட வேண்டியதெல்லாம் ஏலத்துக்கு முன்னரே வாதாடப்பட வேண்டும். சான்றிதழ் எழுதப்பட்ட பின் விழித்துக்கொள்பவரின் பாதை மிகவும் கடினமானது.

இங்கேதான் எமது குடும்பங்களின் பழைய பழக்கம் ஆபத்தாகிறது. வாப்பா மௌத்தாகி இருபது வருடங்கள் கடந்திருக்கும். உறுதியும் சபையின் வரிப் பதிவேடும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். மூத்த மகன் வீட்டில் இருப்பார், தம்பி கட்டாரில் இருப்பார், சகோதரிகள் வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி அத்தனை பேருக்கும் அந்தக் காணியில் பங்கு உண்டு. ஆனால் வரி அறிவித்தல் வருவது மர்ஹூமின் பெயருக்கு, ஒரே ஒரு முகவரிக்கு. அதை வாங்கியவர் அலுமாரிக்குள் வைத்துவிட்டால் மற்றவர்களுக்குச் செய்தியே போகாது. இதில் முதலில் பாதிக்கப்படுவது, பெரும்பாலும், பங்கு கேட்கவே தயங்கிய சகோதரிகள்தான்.

ஏலத்தில் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவை உண்டு. பராட்டே சான்றிதழ் மூலம் கைமாறுவது கடனாளிக்கு அந்தச் சொத்தில் இருந்த உரிமை மட்டுமே. அவருக்கு இல்லாத உரிமையை ஏலம் உருவாக்கித் தராது. சான்றிதழைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிய வேண்டும். உள்ளே ஆட்கள் குடியிருந்தால், அச்சான்றிதழுடன் மாவட்ட நீதிமன்றத்தை நாடியே உடைமையைப் பெற வேண்டும். பூட்டை உடைக்கும் உரிமை அவருக்கு இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர், அந்த வீட்டில் இன்னும் பிரிக்கப்படாத எத்தனை பங்குகள் இருக்கின்றன என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சபைகளின் நியாயத்தையும் மறுக்க முடியாது. வரி வராமல் குப்பை அகற்றவோ தெருவிளக்கு எரியவோ முடியாது. ஆனால் காலமானவரின் பெயருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு அறிவித்தல் கொடுத்தாயிற்று என்று சொல்வது நியாயமாகாது. கைப்பற்றுவதற்கு முன் வீட்டில் நேரடியாக அறிவித்து, தெரிந்த வாரிசுகள் அனைவருக்கும் எழுதி, தவணை முறையில் செலுத்த இடமளிக்கும் நடைமுறையை, 2025 மே மாதம் தெரிவான புதிய சபைகள் தீர்மானமாகவே நிறைவேற்றலாம். எமது பிரதிநிதிகள் முன்வைக்க வேண்டிய பிரேரணை இது.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சபைக்குச் சென்று பாக்கியைக் கேட்டறியுங்கள். பதிவேட்டில் பெயரை மாற்ற விண்ணப்பியுங்கள். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 வீதம் கழிவும் உண்டு. மையித்தின் கடனை அடைத்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். சோலை வரிப் பாக்கியும் கடன்தான். அதை அடைத்து, பங்குகளைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் உறுதி எழுதிக்கொள்வதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்தக் காணியை ஏலத்துக்கு நெருக்கமாகவே கொண்டு செல்கிறது.