தண்ணீர் வருமுன் தூர் வார வேண்டும்!

மேட்டூர் அணை திறந்த பிறகு வாய்க்காலைத் தூர் வாரலாம் என்று தஞ்சைத் தரணியில் எந்த விவசாயியும் காத்திருக்க மாட்டார்.

அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகைச் சரி பார்த்தாக வேண்டும். தவறினால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது.

நோய்த் தடுப்பும் அப்படித்தான். கொள்ளை நோய் பரவிய பிறகு மருந்து ஆலை கட்ட முடியாது.

ஒரு காலத்தில் பெரியம்மை என்றால் ஊரே நடுங்கியது. பிழைத்தவர்களிலும் பலர் கண் பார்வையை இழந்தார்கள். அதைத் தடுக்கும் அம்மைப்பாலைத் தயாரிக்க, 1899-லேயே சென்னை கிண்டியில் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்துக்கு 1948-ல் கிண்டியில் தனிக்கூடம் அமைந்தது.

பலன் கிடைத்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. உலகை விட்டே அது ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது.

பிறகு அசதி வந்தது. 2008-ல் குன்னூர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. கூடம், வடக்கே கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உரிமமும் நிறுத்தப்பட்டது. தரம் போதாது என்பது காரணம். குறை இருந்தால் திருத்த வேண்டியதுதான். ஆனால் திருத்துவதற்குள் வேலையே நின்றது. 2010-ல்தான் தடை நீங்கியது.

செங்கல்பட்டில் பெரிய தடுப்பூசி வளாகம் கட்ட, 2012-ல் மத்திய அரசு 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, அங்கிருந்து ஒரு தடுப்பூசி கூட வரவில்லை. மக்களோ ஊர் ஊராக வரிசையில் காத்து நின்றார்கள்.

நல்ல முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை முன்கூட்டியே வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் சேமித்து வைக்கிறது. நெல்லைக் குதிரில் சேர்த்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

குதிர் மட்டும் போதாது, விளைச்சலும் வேண்டும். அரசு மருந்து ஆலைகள் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். இயந்திரங்களைப் புதுப்பிக்க வேண்டும். கைதேர்ந்த ஊழியர்களை இழக்கக் கூடாது. எந்தப் புது நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆலையும் ஆளும் தயாராக இருந்தால், புது மருந்தையும் விரைவில் செய்யலாம்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரே தெருவில் பலருக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் கண்டால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

நோய் வராத ஆண்டில் இந்தச் செலவு வீண் என்று சிலர் கணக்குப் போடலாம். வெள்ளம் வராத ஆண்டில் ஆற்றங்கரை வீண் என்று யாராவது வெட்டி விடுவார்களா?