பில்லுக்குத்தான் நம்பர் கொடுத்தோம், விளம்பரத்துக்கு அல்ல!

துணிக்கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன்பே, "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார் பில் போடுபவர். எதற்கு என்று கேட்டால், "நம்பர் போட்டாதாங்க பில் வரும்" என்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, சொல்லிவிடுகிறோம். அதன்பின் ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தனிநபர் கடன், மனை விற்பனை என்று குறுஞ்செய்திகள் வந்து குவிகின்றன.

விளம்பரத் தொல்லையைத் தடுக்கும் பதிவேடு 2007ல் தொடங்கியது. 2010லும் 2018லும் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. 2025 பிப்ரவரியில் மீண்டும் திருத்தம் வந்தது. ஒவ்வொரு முறையும் இனித் தொல்லை இருக்காது என்றார்கள் அதிகாரிகள். நாமும் நம்பி 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்தோம்.

ஆனால், அப்படிப் பதிவு செய்தவருக்கும், அவர் சம்மதம் தந்திருந்தால் விளம்பரம் அனுப்பலாம் என்கிறது விதி. சிக்கலே இங்குதான். பில்லுக்காகச் சொன்ன எண்ணும், விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வாசகமும் சம்மதமாகக் காட்டப்படுகின்றன. எந்தக் கடைக்கு, எந்த நாளில், எதற்குச் சம்மதித்தோம் என்பது நமக்கே தெரிவதில்லை.

பட்டன் போன் வைத்திருக்கும் முதியோர் படும் பாடு தனி. இன்பாக்ஸ் நிரம்பிவிட்டால் புதிய செய்தி உள்ளே வராது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று, குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டு எண்ணைக் கேட்கிறார். பாட்டியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்கிறார். பென்ஷன் வரவும் ரேஷன் பொருள் விவரமும் இந்தக் குவியலுக்குள்தான் கிடக்கின்றன. புகார் செய்யலாம் என்றால், செய்தி வந்த 7 நாட்களுக்குள், அனுப்பியவர் குறியீடும் தேதியும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆங்கிலம் அறியாதவர் அந்தக் குறியீட்டை எப்படி எழுதுவார்?

கொடுத்த அதே எளிமையோடு சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்று 2023ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது அதிகாரிகளுக்கு முடியாத காரியம் அல்ல. எண் தராதவருக்கும் பில் தரவேண்டும் என்று கடைகளுக்கு உத்தரவிட வேண்டும். விளம்பரத்துக்கான சம்மதத்தைத் தனியே, தமிழில் கேட்டுப் பெற வேண்டும். நம் எண்ணின் பேரில் உள்ள சம்மதங்கள் அனைத்தையும் பட்டன் போனிலேயே பார்த்து, ஒரே எண்ணை அழுத்தி நீக்க வழி செய்ய வேண்டும். சம்மதத்துக்கு ஆதாரம் காட்ட முடியாத நிறுவனங்களிடம் அபராதம் வசூலித்து, அவை வைத்திருக்கும் பழைய எண் பட்டியல்களை உடனே அழிக்கச் செய்ய வேண்டும்.