வெட்கம் வேலியாகட்டும், சிறையாக வேண்டாம்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது குடும்பத்தார் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்கத் தயங்கக்கூடிய செய்தி. அதனாலேயே அதைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தில் சிக்கி, அதிலிருந்து மீள முயன்றுகொண்டிருப்பவரின் நெஞ்சை அரிக்கும் வெட்கத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். அப்பழக்கம் பாவம் என்பதில் நம் இல்லங்களில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், எழ முயல்பவரை எழவிடாமல் அழுத்துவது எது என்று நாம் சிந்திப்பது குறைவு.

வேலி அகன்றது எப்படி?

காளையார்கோவில் போன்ற ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். சிவகங்கையிலிருந்து தொண்டிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். கடைவீதியில் நடக்கும் இளைஞனை 'இன்னாருடைய மகன்' என்று அடையாளம் காணாத கண்கள் அங்கே குறைவு. வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு விட்ட காலத்தில், தீய படம் பார்க்க எண்ணியவன் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. உள்ளூரில் கேட்க அஞ்சி வெளியூருக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஆளில்லாத நேரம் வாய்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் வெட்கம் குறுக்கே நின்று, 'போகாதே' என்றது.

2016 ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டில் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. கைப்பேசி எல்லோர் கைக்கும் வந்தது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 ஆபாசத் தளங்களை முடக்க ஆணையிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதைத் தளர்த்தியது. 2018 இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. ஆனால் ஒரு கதவை அடைத்தால் அவை வேறு பெயரில் வேறு கதவைத் திறந்துகொள்கின்றன. இன்று கடைக்காரர் இல்லை, சாலை இல்லை, காத்திருப்பும் இல்லை. போர்வைக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

விளைவு என்ன? செயலுக்கு முன்னால் நின்று காத்த வெட்கம் அகன்றுவிட்டது. செயலுக்குப் பின்னால் வந்து வாட்டும் வெட்கம் மட்டும் எஞ்சிவிட்டது. வேலி போயிற்று, சிறை நிலைத்தது.

சுழன்று வரும் வட்டம்

ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் காளையார்கோவிலில் படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். துபையிலோ சிங்கப்பூரிலோ நான்கு பேர் தங்கும் அறையில், மனைவி மக்களைப் பிரிந்து வாழ்பவராகவும் இருக்கலாம். இருபது நாட்கள் விலகியிருந்தார். இருபத்தோராம் நாள் இரவு தவறிவிட்டார். 'இனி ஒருபோதும் இல்லை' என்று ஆணையிட்டுவிட்டுப் படுக்கிறார். ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலிக்கிறது. 'எந்த முகத்தோடு போய் நிற்பேன்?' என்ற எண்ணத்தில் எழாமல் கிடக்கிறார். ளுஹரும் தவறுகிறது. அத்தா ஏதேனும் கேட்டால் எரிந்து விழுகிறார். நண்பர்களைத் தவிர்க்கிறார். மாலைக்குள் தனிமை முற்றுகிறது. 'கெட்டதுதான் கெட்டோம், இன்னும் ஒருநாள் கெட்டால் என்ன?' என்ற எண்ணத்தோடு அன்றிரவும் அதே இடத்திற்குப் போகிறார்.

கவனித்தீர்களா? முதல் நாள் அவரை வீழ்த்தியது இச்சை. இரண்டாம் நாள் வீழ்த்தியது இச்சை அன்று, வெட்கம். குடி, புகை போன்ற பழக்கங்களிலிருந்து மீள்வோரை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், 1985 இல் தம் சகாவுடன் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒருமுறை வழுக்குவது வேறு, முழுமையாக வீழ்வது வேறு. வழுக்கியவரை முழு வீழ்ச்சிக்குத் தள்ளுவதில் 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்ற எண்ணத்திற்குப் பெரும் பங்குண்டு என்றார் அவர்.

நாணமும் இழிவுணர்வும்

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ள ஹயா, மனிதனைத் தீமையிலிருந்து பின்வாங்கச் செய்யும் நாணமாகும். 'நான் தவறு செய்துவிட்டேன்' என்ற வருத்தமும் அதன் பிள்ளையே. அது தவ்பாவின் வாசலுக்கு அழைத்துச் செல்லும். 'நானே தவறானவன், என்னை எதனாலும் தூய்மைப்படுத்த முடியாது' என்பது வேறு. அது இழிவுணர்வு. மனிதனை அது வாசலிலிருந்து விரட்டுகிறது. உளவியலாளர் ஜூன் டாங்னியும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டதும் இதுவே. செயலைக் குறித்து வருந்துபவர் பெரும்பாலும் அதைச் சீர்செய்ய முனைகிறார். தம்மையே இழிவாகக் கருதுபவரோ ஒளிகிறார், சினக்கிறார், பழியைப் பிறர்மேல் போடுகிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். மீண்டும் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார். அவையிலிருந்த ஒருவர், இவர் எத்தனை முறைதான் இப்படிக் கொண்டுவரப்படுகிறார் என்று சலித்துச் சபித்தார். பெருமானார் அதைத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! குற்றத்திற்குரிய தண்டனை நீக்கப்படவில்லை. ஆனால் ஆளைச் சபிக்க அனுமதி கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பத் தவறியவருடைய நெஞ்சிலும் இறைநேசம் இருக்க முடியும் என்று நாயகமே சொல்லிய பிறகு, உங்களை நீங்களே சபித்துக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே, தவறிய மறுகாலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடமையான குளிப்பை நிறைவேற்றிவிட்டு ஃபஜ்ருக்கு நில்லுங்கள். தூய்மையானவர்கள் மட்டும் வருவதற்காகப் பாங்கு சொல்லப்படுவதில்லை.

யாரிடம் சொல்வது?

'அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே வெளிப்படுத்தலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இறைவன் மறைத்த பாவத்தை விடிந்ததும் தாமே ஊரறியச் சொல்லித் திரிவதை ஹதீஸ் கண்டிக்கிறது. ஊர் முழுதும் அறிய வேண்டிய தேவையில்லை. ஆனால் புண்ணை மருத்துவரிடம் காட்டுவது பறைசாற்றுவது ஆகாது.

இளைஞர் ஒருவர் நபிகளாரிடம் வந்து, விபசாரம் செய்ய அனுமதி வேண்டும் என்றே கேட்டுவிட்டார். சூழ இருந்தோர் அவரை அதட்டினார்கள். பெருமானாரோ அவரை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உன் தாய்க்கு, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிந்திக்க வைத்தார்கள். பிறகு அவர்மீது கை வைத்து, அவருடைய உள்ளம் தூய்மையாக வேண்டுமென்று துஆச் செய்தார்கள். வாய்விட்டுச் சொன்னதால் அந்த இளைஞர் அவமதிக்கப்படவில்லை, அணைக்கப்பட்டார்.

உதவி கேட்பது இழிவன்று என்பதற்கு உங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1772 இல் காளையார்கோவில் போரில் மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியார் திண்டுக்கல் பகுதியில் உள்ள விருப்பாட்சிக்குச் சென்றார். ஹைதர் அலியின் உதவியைக் கேட்டுப் பெற்று, மருது சகோதரர்களின் துணையோடு 1780 இல் சிவகங்கையை மீட்டார். போரில் தோற்பதும் பாவத்தில் வீழ்வதும் ஒன்றல்ல. ஆயினும், இழந்ததை மீட்கத் துணை தேடியவரை வரலாறு கோழை என்று சொல்லவில்லை என்பதை மறவாதீர்கள்.

எனவே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாய் காக்கத் தெரிந்த நண்பர், மாமா, நம்பிக்கைக்குரிய ஆலிம், மருத்துவர் என எவராகவும் இருக்கலாம். விவரம் எதுவும் வேண்டாம். 'எனக்கு இப்படியொரு பழக்கம், விட முயல்கிறேன், வாரம் ஒருமுறை என்னைக் கேளுங்கள்' என்பதே போதும்.

நோயா, பாவமா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆறு மாதம் அல்லது அதற்கும் மேலாகத் தம்மை அடக்க இயலாமல், உடல்நலம், வேலை, குடும்பம் ஆகியவை சீர்கெட்டும் விடமுடியாத நிலையையே அது குறிக்கிறது. நெறிக்கு மாறாக நடந்துவிட்டோமே என்ற மனவேதனை மட்டும் இருந்தால் அது அந்நோய் ஆகாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது. சமயப்பற்று உள்ளவர்கள், பழக்கம் குறைவாக இருந்தாலும் தம்மை மீளமுடியாத அடிமைகளாகக் கருதிக்கொள்ளும் போக்கை ஜோஷுவா கிரப்ஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளார். நோய் இல்லை என்பதால் பாவம் இல்லை என்றாகாது. பாவம் செய்ததால் நோயாளியாகிவிட்டோம் என்றும் ஆகாது. முதலாவதற்குத் தவ்பா. இரண்டாவது இருக்குமானால் தவ்பாவோடு சிகிச்சையும் வேண்டும்.

சிகிச்சை எட்டாத தொலைவில் இல்லை. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், கைப்பேசி, இணையப் பழக்கங்களிலிருந்து மீள்வோருக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு உள்ளது.

வெட்கத்தை முதலாக்கும் கயவர்கள்

இந்த வெட்கத்தை வைத்து வணிகம் செய்வோரும் உண்டு. முகமறியாப் பெண்ணாக நட்புக் கொண்டு, வீடியோ அழைப்பில் ஆடையற்ற காட்சியைப் பதிவுசெய்து, 'உன் வீட்டாருக்கு அனுப்புவேன்' என்று மிரட்டுவார்கள். ஒருமுறை பணம் கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். பணம் கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எல்லாம் போயிற்று என்று உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், அந்த நொடியே அருகிலிருப்பவரை எழுப்புங்கள் அல்லது 14416 ஐ அழையுங்கள். எந்த அவமானமும் உங்கள் உயிரை விடப் பெரிதன்று.

ஓர் எல்லையையும் அறிந்திருங்கள். குழந்தைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்த ஓர் இளைஞர்மீதான வழக்கை, 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை ரத்துசெய்தது. பிறருக்கு அனுப்பாவிட்டாலும், அத்தகைய படங்களை அழிக்காமல் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15 ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அங்கே ஒரு குழந்தை வதைக்கப்பட்டிருக்கிறது. அதை வெறும் பழக்கம் என்று சொல்லித் தப்ப இயலாது. அதே வேளையில், இப்பழக்கத்திற்கு ஆளான இளைஞர்களைத் தூற்றுவதைவிட அறிவுரை கூறித் திருத்தும் பக்குவம் சமுதாயத்திற்கு வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்ன கருத்து நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வேலியை மீண்டும் கட்டுங்கள்

போன வேலியை நாமே கட்ட வேண்டும். இரவில் கைப்பேசி கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், படுக்கையறைக்குள் வரவேண்டாம். எழுப்புவதற்குப் பழைய அலாரக் கடிகாரம் போதும். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் தவறுகிறீர்கள் என்று கவனியுங்கள். பசியா, சினமா, தனிமையா, உறக்கமின்மையா? அந்த நேரத்தில் வேறோரிடத்தில் இருங்கள். இச்சை அலையைப் போன்றது. எழும், உச்சிக்குப் போகும், தணியும். எழுந்து ஒளூச் செய்வதற்குள், தெருமுனை வரை நடந்து திரும்புவதற்குள் அதன் வேகம் குறையத் தொடங்கிவிடும். தவறினால் நாட்களை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணி நொந்துகொள்ளாதீர்கள். இருபது நாட்கள் வென்றது பொய்யாகிவிடவில்லை.

இல்லத்தாரிடம் ஒரு சொல்

பெற்றோரே! மகனின் கைப்பேசியில் கண்டுவிட்டால், தம்பி தங்கையர் முன்னிலையில் கத்தாதீர்கள். உறவினர் வீடுகளில் சொல்லாதீர்கள். தனியே அழைத்து அமர்த்துங்கள். அதட்டிய கூட்டத்தாராக இருப்பதா, அருகில் அழைத்த நாயகத்தின் வழியில் நிற்பதா என்பது உங்கள் கையில் இருக்கிறது. சகோதரியரே! கணவரிடம் இதைக் கண்டு நீங்கள் படும் வேதனை நியாயமானது. ஆனால் அது உங்கள் குறையால் வந்ததன்று. அவர் வேதனையைக் கேட்கக் கடமைப்பட்டவர். மீள உண்மையாக முயல்கிறார் என்று கண்டால் அம்முயற்சிக்கு இடம் கொடுங்கள். பெண்களிலும் இப்பழக்கத்திற்கு ஆளானோர் உண்டு. வெளியில் சொல்ல முடியாத அவர்களின் வெட்கம் இருமடங்கு. அவர்களுக்கும் இதே வாசல்தான் திறந்திருக்கிறது.

வெட்கப்படுங்கள், சகோதரரே! ஆனால் அது செயலுக்கு முன்னால் வந்து நிற்கட்டும். விழுந்தபின் வரும் வெட்கம் உங்களைத் தொழுகைப் பாயை நோக்கி நடத்திச் செல்லட்டும். அங்கிருந்து உங்களை விரட்ட அதை அனுமதியாதீர்கள். வல்ல இறைவன் நம் அனைவரின் குறைகளையும் மறைத்து, மன்னித்து, எழுந்து நடக்கும் வலிமையைத் தந்தருள்வானாக!