கூடம் ஒன்று, வேலை ஒன்பது!

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் நுழைந்து, ‘இதில் பெட்ரூம் எது?’ என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பாய் விரித்த இடம் பெட்ரூம். இலை போட்ட இடம் டைனிங் ஹால். அவ்வளவுதான்!

திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பெண்கள் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாள் நறுக்குவார்கள். மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். இரவில் தாத்தாவுக்கு அதுதான் படுக்கை. முற்றமும் அப்படியே. வெயில் நாளில் மிளகாயும் வடகமும் காயும்; மழை நாளில் ஓட்டுத் தண்ணீரைப் பிடிக்க அண்டா வைப்பார்கள். கூடத்தில் அறுவடை முடிந்தால் மக்காச்சோள மூட்டைகள். குழந்தை பிறந்தால் அதே கூடத்தின் உத்திரத்தில் தூளி.

இதற்குக் காரணம், வீட்டுச் சாமான்கள் இடத்தை அடைக்காததுதான். விடிந்ததும் பாய் சுருண்டு மூலைக்குப் போகும். கயிற்றுக்கட்டில் சுவரில் சாயும். துணிக்குக் கொடி, விளக்குக்கு மாடம், எப்போதாவது தேவைப்படும் அண்டா குண்டாவுக்குப் பரண். ஐரோப்பாவில் மாசிடோனியாவின் பழைய வீடுகளிலும் இதே பழக்கம் இருந்தது. இரவுப் படுக்கையைச் சுருட்டிச் சுவர் அலமாரியில் வைத்துவிட்டு, பகலில் அதே அறையில் சாப்பிடுவார்கள், விருந்தினரையும் உட்கார வைப்பார்கள்.

ஆனால், பழைய வீடுகளில் ஒரு குறை இருந்தது. எல்லா இடமும் எல்லோருக்கும் என்றபோது, பெண்களுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் இல்லை. உடை மாற்றக்கூட ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்த மருமகள்கள் உண்டு. அதை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ முடியாது.

2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். இந்தச் சின்ன இடத்தில் பெரிய கட்டிலையும் சோபாவையும் போட்டுவிட்டால், நடக்கவே வழி இருக்காது. கதவுள்ள அறை ஒன்று இருக்கட்டும். மீதி இடத்தில் மடக்கும் கட்டில், சுவர் அலமாரி, வாசலில் ஒரு சின்னத் திண்ணை போதும்.

வீடு கட்டப்போகிறவர்கள் மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன், பாட்டியிடமும் மருமகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எந்த இடம் எத்தனை வேலைக்கு ஆகும் என்பது பாட்டிக்குத் தெரியும். எங்கே கதவு வேண்டும் என்பது மருமகளுக்குத் தெரியும்!