கோப்பு யாருக்குச் சொந்தம்?



ஓர் ஆசிரியர் இடமாற்றலாகிச் செல்கிறார். பிரியாவிடை விருந்து, பொன்னாடை, நினைவுப் பரிசு யாவும் முறையாக நடக்கின்றன. மறுவாரம், அவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த பயிற்சித்தாள் கோப்புறையைப் பள்ளிக் கணினியில் திறக்க முயன்றால், ‘அனுமதி இல்லை’ என்கிறது திரை. நான் பணியாற்றிய பள்ளியிலேயே நிகழ்ந்தது இது.

அடுத்து நடந்ததுதான் பெருங்கொடுமை. உதவ முன்வந்த ஒருவர் அக்கோப்புறையைத் தம் வசப்படுத்தி, ‘எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்’ என்று அமைத்துவிட்டார். எல்லாரும் பாராட்டினோம், நானும் கைதட்டினேன். சில வாரங்களில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கணினிக் கூடத்திலிருந்து பாதிக் கோப்புகளை அழித்துவிட்டான். பழி முழுவதும் அச்சிறுவன் தலையில்! கதவைத் திறந்து வைத்தவர்கள் நாமல்லவா?

உரிமை வேறு, அனுமதி வேறு. உரிமை என்பது வீட்டுப் பத்திரம். அனுமதி என்பது சாவி. பத்திரத்தை மாற்ற வேண்டிய இடத்தில் நாம் ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுக்கிறோம்.

விண்டோஸில் நிர்வாகிக் கணக்குடன் நுழைந்து, கோப்புறையின் ‘புரோபர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’ எனச் சென்றால் உரிமையாளர் பெயரை மாற்றலாம். பிறகு ஆசிரியர் குழுவுக்கு மட்டும் திருத்தும் அனுமதி தந்தால் போதும். லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. உரிமையாளர், குழு, மற்றோர் என்னும் வரிசையில் 770 என்று அமைத்தால் வெளியார்க்கு வழியில்லை. 777 என்றால் வருவோர் போவோர் அனைவர்க்கும் வழி!

இணையச் சேமிப்பிலும் இதே கதைதான். கல்வி அமைச்சு 2020-இல் டெலிமா தளத்தைத் தொடங்கிக் கணக்குகளை வழங்கிய பின்னரும், பள்ளிக் கோப்புகளைச் சொந்த ஜிமெயில் கணக்கில் வைப்போர் நம்மிடையே உண்டு. கூகள் டிரைவில் சொந்தக் கணக்கிலுள்ள கோப்பின் உரிமையைப் பள்ளிக் கணக்குக்கு நேரடியாக மாற்ற இயலாது. படியெடுத்து வைக்கலாம். அவர் தம் கணக்கை நீக்கிவிட்டால், பகிர்ந்து கொண்ட அனைவரும் அக்கோப்புகளை இழப்பர்.

“என் உழைப்பு எனக்கே சொந்தம்” என்பார் சிலர். உண்மை, படியொன்றை எடுத்துச் செல்லுங்கள், உங்கள் பெயரும் அதில் நிலைக்கட்டும். ஆனால், மாணவரின் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் பெற்றோரின் வருமான விவரமும் எந்த ஆசிரியரின் உழைப்பு? அவை ஒருவருடைய கணக்கில் முடங்குவதும் தவறு. எல்லார் கண்ணிலும் படுவது அதைவிடத் தவறு.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: “எங்கள் பிள்ளைகளின் கோப்புகள் யார் பெயரில் உள்ளன? யார் யார் திறக்கலாம்?” ஆசிரியர்களே, அலமாரிச் சாவியை ஒப்படைக்காமல் எவரும் பள்ளியை விட்டுச் செல்வதில்லை. கோப்புரிமையையும் ஒப்படைத்த பின்னரே பொன்னாடை போர்த்துவோம்!

சிந்திப்போம், செயல்படுவோம்.