தகரக் கொட்டகையும் வைஃபையும்

அல்சூரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ளார். வீட்டின் பின்புறம் நாற்பதடி தள்ளி அவருக்குத் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த அவ்விடம் இன்று கல்லூரியில் படிக்கும் மகளின் படிப்பறையாயிற்று. பாடங்களும் தேர்வுக்கான பயிற்சிகளும் வைஃபை வழியே வரவேண்டியவை. கொட்டகை வாசல்வரை நன்றாக எட்டும் வைஃபை, கதவைச் சாத்தியதும் அற்றுப்போகிறது. பூஸ்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தும் பயனில்லை. கடைக்காரரோ அதைவிட விலை கூடியதைச் சிபாரிசு செய்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். குற்றம் தூரத்தில் இல்லை, தகரத்தில் இருக்கிறது.

வைஃபை என்பது ரேடியோ அலையே. செங்கற்சுவர் அதன் வலிமையை ஓரளவு குறைக்கும். உலோகத் தகடோ அதனை வந்த வழியே திருப்பிவிடும். மைக்கேல் பாரடே 1836-இல் லண்டனில் உலோகம் போர்த்திய அறை ஒன்றைக் கட்டி, வெளியே மின்பொறி பறந்தாலும் உள்ளே அதன் விளைவு தோன்றாது என்று காட்டினார். நம் தகரக் கொட்டகை ஏறத்தாழ அவ்வறையே. 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து கண்டோரை வியப்பில் ஆழ்த்தினார். அச்சுவர் மட்டும் தகரமாயிருந்தால் மணி ஒலித்திராது!

தூரம் பெரிய தடையன்று என்பதற்குத் தேனி சாட்சி. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றூர்களின் கண் மையங்களையும், பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000-களின் நடுவில் வைஃபை கருவிகளாலேயே இணைத்தனர். பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நோயாளியை வைத்தியர் திரையில் பார்த்துப் பேசினார். இடையே மறைப்பில்லை, ஆகவே அலை சென்றது.

கொட்டகைக்குள் வைத்த பூஸ்டர் என் செய்யும்? பெருக்குவதற்கு அங்கே அலையே இல்லை. வறண்ட கிணற்றில் வாளியைப் பெரிதாக்கி என்ன பயன்?

செய்யவேண்டியது யாதெனில், வீட்டு ரௌட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள் ஒன்றை இழுத்து, கொட்டகைக்குள் ஓர் ஆக்ஸஸ் பாயிண்டில் முடிக்க வேண்டும். இக்கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற வகையைக் கேட்டு வாங்கிக் குழாய்க்குள் செலுத்துக. வாங்கிய பூஸ்டரை எறிய வேண்டாம். கேபிள் செருகும் துளையும் அதற்குரிய அமைப்பும் இருப்பின் அதுவே ஆக்ஸஸ் பாயிண்டாகும். உள்ளே பிறந்த அலையைத் தகரம் உள்ளேயே நிறுத்திவைப்பதால் சிறு கருவியே போதும்.

முற்றத்தைத் தோண்ட இயலாதவர்கள், ஒன்றையொன்று நோக்கும் இரு வானொலிக் கருவிகளை இரு கட்டடங்களின் வெளிச்சுவரிலும் பொருத்தி, அங்கிருந்து உள்ளே கம்பி இழுக்கலாம். விதித்த வலிமைக்குள் இருக்கும்வரை உரிமம் தேவையில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு 2005-இலும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதிக்கு 2018-இலும் மத்திய அரசு விலக்களித்தது. சிக்கனம் வேண்டுவோர் வீட்டை நோக்கிய பக்கத்தில் ஒரு தகரத்தைக் கழற்றி, ஒளி புகும் ஃபைபர் ஷீட் பொருத்திப் பார்க்கலாம். வைஃபை அரைகுறையாக வந்தாலும் வெளிச்சம் நிச்சயம்.

இனி, வைஃபையினும் முக்கியமான ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் நம் பெங்களூரில் இடியும் மின்னலும் அதிகம். இரு கட்டடங்களுக்கு இடையே ஓடும் செம்புக் கம்பி அதிர்ச்சி மின்சாரத்தை இருபுறக் கருவிகளுக்கும் கொண்டுசேர்க்கக் கூடும். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் ஓடாது; செலவு சற்றுக் கூடினும் அதுவே மேல்.

அதனினும் கொடியது மின்கசிவு. கொட்டகைக்குச் செல்லும் மின்கம்பியின் உறை எங்கேனும் தேய்ந்து தகரத்தைத் தொட்டால், நான்கு சுவர்களும் மின்சாரமாகும்; மழை நாளில் ஈரக் கையுடன் கதவைத் திறக்கும் பிள்ளைக்கு அது எமன். ஆகவே கொட்டகையின் இரும்புச் சட்டத்துக்குத் தக்க எர்த் இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனமும் உள்ளனவா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். தேர்வு நெருங்குகிறது என்று அன்பர் அவசரப்படுவது இயல்பே. எனினும் இச்சோதனை முடிந்தபின் கேபிளை இழுக்கட்டும். அதுவரை மகள் கூடத்திலேயே படிக்கட்டும்.